மெஷின் பார்க்கும் சிஸ்டர்

நான் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரி வண்டன்மேட்டிலிருந்து ஜீப்பில் அரைமணி தூரத்தில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருந்தது. முப்பது படுக்கை, ஒரு டாக்டர், ஆறு நர்ஸ்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. மின்சாரம் அந்தப் பக்கம் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. மழைக்காலத்தில் பாதி நாள் அது இருக்காது. எனக்கு இருபத்தொரு வயது. அம்மா எஸ்டேட்டில் ஏலக்காய் எடுக்கிறவள். அப்பா காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து வெள்ளை உடுப்புப் போட்டு வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். அம்மாவுக்கு அதில் இருந்த பெருமையை அவளது நடையிலேயே பார்க்கலாம்.

ஆனி மாதத்து மழை. பிற்பகலில் ஒரு பிரசவம். குழந்தை வெளியே வந்தது, அழவில்லை. மூக்கிலும் தொண்டையிலும் நீர் அடைத்திருந்தது. அதை உறிஞ்சி எடுக்க ஒரு மின்சார மெஷின் எங்களிடம் இருந்தது. சக்ஷன் மெஷின் என்போம். சுவிட்சைப் போட்டேன். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது, ஆனால் குழாயில் உறிஞ்சும் சக்தி இல்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் குழந்தையின் தொண்டைக்குள் விட்டு, மறுமுனையை என் வாயில் வைத்து உறிஞ்சினேன். நர்ஸ் படிப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். குழாயின் நடுவில் ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கும். நீர் அதில் விழும். நான்காவது முறை உறிஞ்சியபோது குழந்தை இருமி அழுதது.

டூட்டி முடிந்ததும் நான் லயத்துக்குப் போகவில்லை. அந்த மெஷினைத் திறந்து பார்த்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு எதுவும் தெரியாது. கண்ணாடி ஜாடியின் மூடியைக் கழற்றியபோது அதைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் வெடித்துப் போயிருந்தது. காற்று அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சில மாதமாகவே மெஷின் விட்டுவிட்டுத்தான் உறிஞ்சியது; இதற்காக மதராஸ் கம்பெனிக்குக் கடிதம் போட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி ஜீப்பின் பழைய டியூபில் ஒரு வளையம் வெட்டி மாட்டினேன். சுவிட்சைப் போட்டு குழாய் முனையில் விரலை வைத்தேன். விரலைப் பிடித்து இழுத்தது.

அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஆஸ்பத்திரியின் பின்புறம் ஒரு ஸ்டோர் ரூம். ஓடாத மெஷின்கள் எல்லாம் அங்கே துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தன. கருவிகளைக் கொதிக்க வைக்கும் பெட்டி, குழந்தைக்குச் சூடு கொடுக்கும் விளக்கு, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவிகள். வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பியதில் உறை பிரிக்காதவையும் இருந்தன. டூட்டி முடிந்த பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பேன். சிலவற்றில் ஒயர் விட்டிருக்கும். சிலவற்றில் எறும்பு கூடு கட்டியிருக்கும். நான்கைந்து மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. மற்ற நர்ஸ்கள் என்னை ‘மெஷின் பார்க்கும் சிஸ்டர்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மிதப்பில்தான் ஈ.சி.ஜி. மெஷினில் கை வைத்தேன்.

இதயத் துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரையும் அந்த மெஷின் கொஞ்ச நாளாகக் கோட்டைத் தடிப்பாக, மயிர்க்கால் சிலிர்த்த மாதிரி வரைந்துகொண்டிருந்தது. அதை வைத்து டாக்டரம்மாவால் எதையும் படிக்க முடியவில்லை. நான் பின்பக்க மூடியைக் கழற்றினேன். பிளக்கைப் பிடுங்காமலே. ஸ்குரூ டிரைவர் வழுக்கியது. நீலமாக ஒரு பொறி, ஒரு கருகல் வாடை. மெஷின் செத்துப்போனது.

டாக்டரம்மா கோட்டயம் பக்கத்துக்காரர். நல்ல தமிழ் பேசுவார், கோபம் வந்தால் பாதி மலையாளமாகிவிடும்.

“நீ நர்ஸாணு. மெக்கானிக் அல்ல. ஆரு சொல்லிட்டு இதைத் தொறந்தே?”

பல வாரங்கள் கழித்துக் கம்பெனி ஆள் மதராஸிலிருந்து வந்தார். சட்டையில் இரண்டு பேனா குத்தியிருந்தார். மெஷினைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மெஷின்ல ஒரு கோளாறும் இருந்திருக்காதும்மா. உங்க கரண்டு லைன்லதான் ஏதோ இருக்கு. இப்போ மெஷினும் போச்சு. மதராஸ் கொண்டு போகணும்.” போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தபடி, “சிஸ்டர், நீங்க ஊசி போடுற வேலையைப் பாருங்க” என்றார்.

அவர் சிரித்ததுகூடப் பரவாயில்லை. மெஷின் மதராஸ் போன இரண்டாவது மாதம் பக்கத்து எஸ்டேட் கங்காணி ஒருவரை நெஞ்சுவலி என்று தூக்கி வந்தார்கள். ஈ.சி.ஜி. எடுக்க வழியில்லை. ஜீப்பில் ஏற்றித் தேனிக்கு அனுப்பினார் டாக்டரம்மா. நான் கூடப் போனேன். கம்பம்மெட்டு இறக்கத்தில் அவர் தலை என் தோளில் சாய்ந்தது. அடிவாரம் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திரும்பி வந்து நான் அழுதபோது டாக்டரம்மா, “மெஷின் இருந்திருந்தாலும் இதான் நடந்திருக்கும்” என்று சொன்னார். அது உண்மையாக இருக்கலாம். எனக்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். எது என்று நான் அவரிடம் கடைசிவரை கேட்கவில்லை.

ஆனால் ஒன்று எனக்குத் தெளிவாகிவிட்டது. இந்த வேலையை அரைகுறையாகத் தெரிந்துகொண்டு செய்வதைவிடச் செய்யாமல் இருப்பது மேல். என்னால் செய்யாமல் இருக்க முடியாது. அப்படியானால் படிக்க வேண்டும்.

பாலக்காட்டில் பாலிடெக்னிக்கில் மூன்று வருட எலெக்ட்ரிக்கல் டிப்ளமா இருக்கிறது, பெண்கள் சேர்வது அபூர்வம், ஆனால் தடை கிடையாது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வயது வரம்புக்குள் மூன்று மாதம் மிச்சமிருந்தது. விண்ணப்பம் போட்டு, சேர்க்கைக் கடிதம் கையில் வந்த பிறகுதான் வீட்டில் சொன்னேன்.

அம்மா ஏலக்காட்டிலிருந்து வந்து காலில் அட்டை கடித்த இடங்களில் சுண்ணாம்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, உனக்குப் புத்தி கித்தி பேதலிச்சிருச்சா? கவுர்மெண்டு நர்ஸு வேலைக்கு எழுதிப் போடுவேன்னு நெனச்சா, மறுபடியும் பள்ளிக்கூடம் போறேங்கே. அதுவும் கரண்டு வேலைக்கு. நான் இந்தக் காட்டுல அட்டைக்கு ரத்தம் குடுத்தது நீ வெள்ளை உடுப்பைக் களத்திட்டு ஸ்குரூ முடுக்கவா?”

“ஆஸ்பத்திரியிலேதான்மா வேல பாப்பேன். மெஷினைப் பாக்குற ஆளா.”

“அப்பிடி ஒரு வேலை எங்க இருக்கு? ஒரு ஆளைக் காட்டு.”

காட்ட முடியவில்லை. அப்படி ஒரு ஆளை நானும் பார்த்ததில்லை. அந்த வேலைக்கு என்ன பெயர் என்றுகூட எனக்குத் தெரியாது. இப்போது கிளினிக்கல் எஞ்சினியர் என்கிறார்கள். அன்று மதராஸ் கம்பெனிகளுக்கு வெளியே அப்படி யாராவது இருந்தார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

இதற்கிடையில் குமுளிப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. அவர்களுக்கு வேண்டியது நர்ஸ் பெண். படிக்கப் போகிறேன் என்று சொல்லி அனுப்பியதும் அது தானாக நின்றது. அம்மா நான்கு நாள் என்னோடு பேசவில்லை. அப்பா மட்டும் ஐந்தாம் நாள் வாயைத் திறந்தார். “அவ சொல்லுதது எனக்கும் புரியல. ஆனா அவளுக்குப் புரியுதுல்லா. போகட்டும் விடு.”

அம்மா விடவில்லை. ஆனால் நான் கிளம்பிய அன்று பஸ்ஸுக்கு வந்தாள்.

எங்கள் ஊரிலிருந்து பாலக்காட்டுக்குப் போகிற வழி வேடிக்கையானது. கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக, கம்பம் இறங்கி, தேனி, திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி என்று தமிழ்நாட்டுக்குள் சுற்றிப் போக வேண்டும். பாலக்காட்டுக்குச் சற்று முன்னால், நான் தங்கவிருந்த கொழிஞ்சாம்பாறையில் இறங்கியபோது மலையில் பிறந்து வளர்ந்த எனக்கு மூச்சு முட்டியது. சமதளம், வெயில், காற்று. கண்ணுக்கெட்டிய தூரம் வரை கடலைக்காடு.

அங்கே எனக்கு அறை கொடுத்தவர் ஒரு விவசாயக் குடும்பத்து அம்மாள். நாற்பது வயதிருக்கும். கணவர் கோயமுத்தூரில் மில் வேலையில் இருந்தார்; பத்து ஏக்கரை இவர்தான் பார்த்துக்கொண்டார். நான் வேதக்காரி, கிறிஸ்தவப் பெண் என்பது தெரிந்தும் தோட்டத்து வீட்டின் ஒரு பக்க அறையை ஒழித்துக் கொடுத்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“பொம்பளப்புள்ள கரண்டு படிச்சு என்ன பண்ணப்போற, அம்மிணி?”

“ஆஸ்பத்திரியில மெஷின் ரிப்பேர் பண்ணுவேன்க்கா.”

“செரி. மொதல்ல என்ற மோட்டார் ரூமைப் பாரு. அந்தக் கொழாயத் தொட்டா வெடுக்குனு இழுக்குது. கரண்டாபீஸ் கம்பிக்காரன் வந்து பாத்துப்போட்டு ஒண்ணுமில்லீங்கனு போய்ட்டான்.”

எனக்குக் கல்லூரியில் அப்போது ஒரு மாதம்கூட முடிந்திருக்கவில்லை. ஈ.சி.ஜி. மெஷின் ஞாபகம் இருந்தது. “இப்போ தொட மாட்டேன். படிச்சிட்டுத் தொடுறேன்” என்றேன். அவர் சிரித்தார். “கம்பிக்காரனுக்கு இந்தப் புத்தி இல்லியே.”

வகுப்பில் என்னோடு சேர்த்து இரண்டு பெண்கள். அந்த இன்னொரு பெண் பாதியில் கல்யாணமாகிப் போய்விட்டாள். எல்லோரும் என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர்கள். பாடம் இங்கிலீஷில், பேச்சு மலையாளத்தில். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தவளுக்கு முதல் ஆறு மாதம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. கணக்கில் இரண்டு தடவை தோற்றேன். சனி, ஞாயிறுகளில் பாலக்காட்டில் ஒரு நர்ஸிங் ஹோமில் டூட்டி பார்த்தேன். அதில்தான் சாப்பாடும் புத்தகமும். திங்கட்கிழமை காலை வகுப்பில் தூங்கி வழிவேன். விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று தோன்றாத வாரம் இல்லை. ஆனால் ‘ஒரு ஆளைக் காட்டு’ என்று அம்மா கேட்டது காதில் இருந்தது. அந்த ஆளாக நானே ஆகாமல் மலையேறக் கூடாது என்று வைராக்கியம்.

எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது என்பதை மெல்லத்தான் உணர்ந்தேன். மற்ற மாணவர்களுக்கு மோட்டார் என்றால் மோட்டார். எனக்கு அதன் மறுமுனையில் ஒரு நோயாளி படுத்திருப்பார். ஒரு நாள் ஆய்வகத்தில் ஆசிரியரிடம் கேட்டேன்: “சார், ஒரு மெஷினின் உடம்பில் கொஞ்சமாகக் கரண்ட் கசிந்தால் நமக்குச் சுருக்கென்று இருக்கும், கையை எடுத்துவிடுவோம். மயக்கத்தில் படுத்திருக்கிறவரால் கையை எடுக்க முடியாதே?”

“அது சிலபஸில் இல்லை” என்றார். பரிகாசமாகச் சொல்லவில்லை, அவருக்கும் அது புதிய கேள்வி.

இரண்டாம் வருடம் கோடையில் மோட்டார் ரூமைத் திறந்தேன். இந்தத் தடவை முதலில் மெயினை அணைத்தேன். மோட்டாரின் முனைப் பெட்டிக்குள் ஒரு ஒயரின் மேலுறை தேய்ந்து இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அது ஒரு காரணம். அப்படிக் கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிட ஒரு கம்பி புதைத்திருப்பார்கள்; எர்த் என்பார்கள். அதைத் தோண்டிப் பார்த்தால், மூன்றடி ஆழத்திலும் மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது. காய்ந்த மண்ணில் கரண்ட் இறங்காது. ஒயரை மாற்றினேன். குழியில் கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றி மூடினோம்.

அந்த அக்கா புறங்கையால் குழாயைத் தொட்டார். பிறகு உள்ளங்கையால். பிறகு கட்டிப்பிடித்தே பார்த்தார். “இழுக்கலீங்கோ!” என்று வயலைப் பார்த்துக் கூவினார். அன்றிலிருந்து சுற்று வட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டு மோட்டார் ரூம்களைப் பார்த்திருப்பேன். பாலிடெக்னிக்கில் படித்ததைவிட அந்த வறண்ட மண்ணில் நான் அதிகம் படித்தேன்.

டிப்ளமா கையில் வந்தது. வேலை வரவில்லை. மருத்துவ மெஷின் விற்கும் கம்பெனிகளுக்கு எழுதினேன். ஊர் ஊராகப் போகிற வேலை, ஆண்கள் மட்டும் என்று இரண்டு பதில் வந்தது. மற்றவர்கள் பதிலே போடவில்லை. கடைசியில் பழைய டாக்டரம்மாவுக்கே எழுதினேன். ‘வா. நர்ஸ் இடம் ஒன்று காலியாக இருக்கிறது. மெஷினையும் பார்த்துக்கொள்ளலாம்’ என்று பதில் எழுதினார்.

நேரில் போய், “நர்ஸாக வர மாட்டேன்” என்றேன்.

“பின்னே?”

“மெஷின் பார்க்கிற ஆளாக. அது மட்டும்தான் என் வேலை என்றால் வருகிறேன்.”

“அப்படி ஒரு போஸ்ட் இவிடெ இல்லல்லோ.”

“உண்டாக்குங்க டாக்டர்.”

கடைசியில் அவர் பதிவேட்டில் ‘எலெக்ட்ரீஷியன்’ என்று எழுதினார். நர்ஸைவிடத் தாழ்ந்த பதவி. அம்மாவிடம் சொன்னபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

சேர்ந்த மறுவாரம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் ஒருத்தி என்னிடம் வந்தாள். “அக்கா, ஆபரேஷன் டேபிளைத் தொட்டா சில நேரம் எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு. டாக்டருகிட்ட சொன்னா, உன் பிரமைன்னு சொல்லுதாங்க.”

டாக்டர் கையில் ரப்பர் உறை இருக்கும், அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. நான் ஒரு சாதாரண பல்பை எடுத்து, அதன் ஒரு ஒயரை மண்ணுக்குள் போகும் இரும்புத் தண்ணீர்க் குழாயிலும் மறு ஒயரைத் தியேட்டரின் சக்ஷன் மெஷின் உடம்பிலும் வைத்தேன். பல்பின் இழை சிவப்பாகக் கனன்றது. தியேட்டர் முழுவதையும் சோதித்தேன். மூன்று மெஷின்களில் கசிவு. எல்லாமே இரண்டு முனைப் பிளக். அந்தக் கட்டடத்தில் எர்த் என்று ஒன்று போடப்படவே இல்லை. ஈ.சி.ஜி. கோடு ஏன் தடித்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

அதைவிடப் பெரிய பயம் வேறு. எங்கள் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து ஈதர். பெட்ரோலைப் போலப் பற்றிக்கொள்ளும். ஒரு பொறி போதும்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். எர்த் போடும்வரை தியேட்டரில் கரண்டைப் பயன்படுத்தக் கூடாது என்றேன்.

“இத்தனை வருஷமா இங்கதான் ஆபரேஷன் பண்றேன். ஒண்ணும் ஆகல. அடுத்த மாசம் மேனேஜர் வரும்போது பேசலாம். நாளைக்குக் காலையில குடலிறக்கம் ஒரு கேஸ் இருக்கு.”

மறுநாள் காலை முதல் ஆளாக ஆஸ்பத்திரிக்குப் போய், தியேட்டருக்குப் போகும் ஃபியூஸைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு டாக்டரம்மாவின் அறை வாசலில் போய் நின்றேன். ஒளிந்துகொண்டு செய்ததாக இருக்கக் கூடாது.

அவர் வந்தார். சொன்னேன்.

“ஃபியூஸ் தா.”

“தர மாட்டேன் டாக்டர்.”

“நீ எந்தா பறையுன்னது? என் தியேட்டர் இது! இப்போ தரலேன்னா நாளையிலிருந்து நீ இங்க வர வேண்டாம்.”

“வரலேன்னா பரவாயில்லை. அதுக்கு முன்னால ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்க.”

அவர் என்னைத் தள்ளிக்கொண்டு போகாத குறையாகத் தியேட்டருக்கு நடந்தார். நான் பிரதான சுவிட்ச் பக்கம் போய் ஃபியூஸைப் போட்டுவிட்டு ஓடி வந்து, அவர் கண்முன்னால் பல்பை வைத்துக் காட்டினேன். ஒரு ஒயர் மெஷினில், ஒரு ஒயர் குழாயில். பிறகு மெஷினை டேபிளோடு ஒட்டி நகர்த்தி, ஒயரை நோயாளி படுக்கிற அந்த டேபிளின் இரும்பிலேயே வைத்தேன். பல்பு அப்படியே கனன்றது.

அவர் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் பின்னால் அலமாரியில் ஈதர் பாட்டில்கள்.

“எத்தனை நாள் வேணும்?” என்று கேட்டார்.

“நாலு நாள்.”

“எமர்ஜென்சி வந்தா?”

அதற்கு நான் தயாராக இருந்தேன். காலால் மிதிக்கும் பழைய சக்ஷனை ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்து வைத்திருந்தேன். ஐந்து செல் டார்ச் நான்கு. “கரண்டே இல்லாமப் பண்ணலாம். நான் மிதிக்கிறேன்.”

குடலிறக்கக் கேஸை டாக்டரம்மா அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார். எர்த்துக்குக் குழி தோண்டுவது நினைத்த மாதிரி இல்லை. தியேட்டருக்குப் பின்னால் இரண்டடியில் பாறை. வேறு இடம், அங்கேயும் பாறை. கடைசியில் குளிக்கிற தண்ணீர் வடிகிற சரிவில் ஆறடி போக முடிந்தது. எஸ்டேட் ஆட்கள் இரண்டு பேர் கடப்பாரை போட்டார்கள். காய் உலர்த்தும் ஸ்டோரின் அடுப்புக் கரியை அப்பா இரண்டு சாக்கில் சுமந்துகொண்டு வந்தார். மேட்டில் ஏறி மூச்சு வாங்கியபடி குழியை எட்டிப் பார்த்து, “இம்புட்டு ஆழமா? கரண்டைப் பொதைக்கவா பொணத்தைப் பொதைக்கவா?” என்றார். நான் சிரித்தேன். பிறகு அவரும் இறங்கி மண் அள்ளினார்.

மூன்றாம் நாள் பிற்பகல், வயிற்றுவலியில் சுருண்ட ஒரு பெண்ணைக் கொண்டு வந்தார்கள். ஏலக்காட்டு வேலைக்காரி, என் வயதுதான். குடல்வால் வீங்கியிருந்தது. கீழே அனுப்பினால் தாங்காது என்று டாக்டரம்மா சொன்னார். டேபிளை ஜன்னலோரம் இழுத்துப் போட்டோம். வெளியே நல்லவேளையாக மேகம் விலகியிருந்தது. இரண்டு நர்ஸ்கள் டார்ச் பிடித்தார்கள். ஈதர் கொடுத்தால் வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். உறிஞ்சி எடுக்காவிட்டால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். நான் மண் அப்பிய காலைக் கழுவிவிட்டு, முகமூடி கட்டிக்கொண்டு, சக்ஷன் பெடலை மிதித்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் மிதித்திருப்பேன். தொடை மரத்துப் போனது. நடுவில் ஒருமுறை வேகம் குறைந்தபோது டாக்டரம்மா தலை நிமிராமல், “நிர்த்தாதே” என்றார். நான் நிறுத்தவில்லை.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். எட்டாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனாள்.

நான்காம் நாள் சொன்னபடி முடியவில்லை; ஐந்தாம் நாள் மாலையில்தான் கடைசி மூன்று முனைப் பிளக்கை மாட்டினேன். கசிந்த மூன்று மெஷின்களிலும் உள் ஒயரை மாற்றினேன். பல்பை வைத்தோம். எரியவில்லை. மதராஸிலிருந்து பழுது பார்த்து வந்திருந்த ஈ.சி.ஜி. மெஷினில் டாக்டரம்மாவையே படுக்க வைத்து எடுத்தேன். கோடு பென்சிலால் இழுத்தது போல மெல்லியதாக வந்தது. அவர் காகிதத்தை வாங்கி, தன் இதயத்தை வெகு நேரம் படித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அதோடு எல்லாம் சுமுகமாகிவிடவில்லை. நிர்வாகத்திலிருந்து வந்த மேனேஜர், அனுமதியில்லாமல் ஃபியூஸைக் கழற்றியதற்கு மன்னிப்புக் கடிதம் கேட்டார். டாக்டரம்மாவும், “எழுதிக் கொடு, தீரட்டும்” என்றார். ‘கேட்காமல் எடுத்தது தவறு. எடுத்தது தவறல்ல’ என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் அதைப் படித்துவிட்டு வெள்ளைத் தாளில் வேறு எழுதச் சொன்னார். நான் அதே இரண்டு வரியைத் திரும்ப எழுதினேன். டாக்டரம்மா அந்தத் தாளை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு, “மதி, இது போதும்” என்று முடித்துவிட்டார். அதற்கடுத்த மாதம், ஆபரேஷனுக்கு முன்னால் தியேட்டர் மெஷின்களை நான் சோதித்துக் கையெழுத்திட்ட பிறகே ஆரம்பிக்க வேண்டும் என்று அவரே ஒரு விதி எழுதி ஒட்டினார்.

இரண்டு வருடம் அங்கே இருந்தேன். வட்டவடை, ஆனைக்கரைப் பக்கத்துச் சின்ன டிஸ்பென்சரிகளிலிருந்துகூட மெஷின்களை ஜீப்பில் கொண்டு வந்தார்கள். அம்மா யாரிடமும் ‘என் மக எலெக்ட்ரீஷியன்’ என்று சொல்ல மாட்டாள். ‘ஆஸ்பத்திரியில இருக்கா’ என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவில்லை.

தெற்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மருத்துவக் கருவிகளுக்கென்றே தனிப் பிரிவு தொடங்குகிறார்கள் என்று பத்திரிகையில் பார்த்தேன். அந்த விளம்பரத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அப்படி ஒரு வேலை இருக்கிறது என்று அச்சில் பார்த்தது அதுதான் முதல் தடவை. நேர்முகத்துக்குப் போனேன். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கேள்விகளில் பாதி என் கல்யாணத்தைப் பற்றி. அந்த வருடம் என்னை எடுக்கவில்லை. அடுத்த வருடம் மறுபடியும் விளம்பரம் வந்தது. மறுபடியும் போனேன். அதே ஐந்து பேரில் மூவர் இருந்தார்கள்.

“போன வருடமும் வந்தீர்களே?” என்றார் ஒருவர்.

“ஆமாம் சார். அடுத்த வருடமும் வருவேன்.”

அவர் சிரிக்கவில்லை. மேசை மேலிருந்த ஒரு கருவியைக் காட்டி, இதில் என்ன கோளாறு, கண்டுபிடியுங்கள் என்றார். நான் முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். பிறகு, “இது எந்த நோயாளிக்கு மாட்டியிருந்தது? அவருக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்கவில்லை என்று பின்னால் தெரிந்தது.

உத்தரவு தபாலில் வந்தது. டாக்டரம்மா என் விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்திட மூன்று நாள் எடுத்துக்கொண்டார். “இனி என் மெஷினை ஆரு பார்ப்பா?” என்று அதே கேள்வியைக் காலையிலும் மாலையிலும் கேட்டார். ஒரு பட்டியல் எழுதி, இரண்டு நர்ஸ்களுக்குச் சோதிக்கும் முறையைக் காட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

புதிய வேலையில் முதல் நாள் காலை, தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். மெஷின் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த நர்ஸ் என்னைத் தாண்டி வராந்தாவை எட்டிப் பார்த்தாள், எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று.

“வேற யாரும் வரலம்மா, நான்தான்” என்றேன். “எந்தப் படுக்கை?”

அவள் ஏழாம் படுக்கையைக் காட்டினாள். நான் முதலில் அந்தப் பெரியவரின் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். பிறகு அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன்.